கழுவிய அரிவாள்

மார்ச் 6, திங்கள்

இன்று குற்றச்சாட்டு வாசித்தாயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே செண்பகத்திடம் தீர்ப்பையும் சொல்லிவிட்டேன்: ஆயுள்.

"விசாரணையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள தீர்ப்பா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான். நான் சொன்னதுதான் நடக்கிறது. வக்கீல்கள் அறையில் இதற்கு 'ஆவுடை ஜோசியம்' என்றே பெயர். அப்பா ஆசையாக ஆவுடைநாயகம் என்று வைத்த பெயர் கிளி ஜோசியக்காரன் பெயர் மாதிரி ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நான் அரசு வழக்கறிஞர், ஊர் வாயில் பி.பி. அரசு வழக்கறிஞர் என்றால் ஜெயிக்கிறவர் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எது ஜெயிக்கும், எது தோற்கும் என்று முதல் நாளே தெரிந்தவர்தான் அரசு வழக்கறிஞர். தோற்கப்போகிற கேஸைக்கூட நான் சிரித்துக்கொண்டுதான் நடத்துவேன், முன்பே தெரியும் என்பதால்.

எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், பெயர் மாகாளி, வயது முப்பத்து நான்கு. அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தத்துப் பக்கம் அண்ணனும் தம்பியுமாக இளநீர் வண்டி போட்டிருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால், நல்ல வெயில் நேரத்தில், அண்ணன் பலவேசத்தைத் தம்பி இளநீர் வெட்டுகிற அரிவாளால் வெட்டிவிட்டான். அவனுக்கு மனநோய் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, இப்போது தெளிந்துவிட்டான், விசாரிக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வழக்கே தொடங்குகிறது. இலவச சட்ட உதவியில் அவனுக்கு வந்திருக்கும் வக்கீல் சகாயராணி கெட்டிக்காரி. சம்பவத்தின்போது புத்தி சுவாதீனம் இல்லை, ஆகவே குற்றமில்லை என்பது அவர் வாதம்.

இந்த மாதிரி வழக்கில் எல்லோரும் டாக்டர் சீட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அது வீண் வேலை. சட்டம் கேட்பது ஒரே கேள்விதான்: வெட்டுகிற நிமிஷத்தில் தான் செய்வது என்ன, அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்ததா? அந்த நிமிஷத்துக்குள் டாக்டராலும் போக முடியாது, ஜட்ஜாலும் போக முடியாது. ஆகவே அடுத்த நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். ஓடினானா, ஒளிந்தானா, ஆயுதத்தைக் கழுவினானா? அப்படியென்றால் தெரிந்தவன், உள்ளே போவான். பிணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காயோடு பேசிக்கொண்டிருந்தானா? அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். இந்த விதி இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

மாகாளி அரிவாளைக் கழுவியிருக்கிறான். நேரில் பார்த்த சாட்சி இருக்கிறது. அதுவும் போதாதென்று, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று ஜட்ஜம்மா கேட்டதற்கு, "ஆமா அம்மா. நாந்தான் வெட்டுனேன். தண்டனை குடுத்துருங்க" என்றான். சகாயராணி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கொலை வழக்கில் அப்படிச் சொன்னவுடன் தண்டனை எழுதிவிடுகிற வழக்கம் கிடையாது. விசாரணை நடக்கட்டும் என்று ஜட்ஜம்மா சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் செண்பகத்துக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "கழுவுனா குத்தவாளியா? நான் தெனம் அருவாமணையைக் கழுவுதேன். அப்ப நான் வெண்டைக்காயைக் கொன்னவளா?" என்றாள். வக்கீல் பெண்டாட்டிக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீளும்.

மார்ச் 12, ஞாயிறு

மொட்டை மாடியில் கூழ்வற்றல் பிழிந்தாள் செண்பகம். காவல் எனக்கு. குடையை விரித்து வைத்துக்கொண்டு கேஸ் கட்டைப் படித்தேன். போலீஸ் வரைந்த படத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது: வண்டி, வேப்பமரம், பிணம் கிடந்த இடம், வண்டிக்கு அடியில் ஒரு தண்ணீர் டின். கழுவியது அந்த டின்னில்தான். டின்னுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

அந்த நேரத்தில் காக்காய் இரண்டு வரிசையைக் காலி செய்துவிட்டது. பேச்சு வாங்கினேன்.

மார்ச் 15, புதன்

முதல் சாட்சி முப்பிடாதி. செத்துப்போன பலவேசத்தின் மனைவி, புகார் கொடுத்தவர். எதிரிக்கு மைனி. கூண்டில் நிற்கிற கொழுந்தனை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவனும் தலையைத் தூக்கவில்லை.

முந்தின நாள் சண்டை நடந்ததா என்று கேட்டேன். நடந்தது என்றார். மாத்திரை சாப்பிடு என்று அண்ணன் சொன்னதற்கு, "நீ எங்க அண்ணனே இல்ல" என்று கத்தினானாம். கோபத்தில் சொல்கிற வார்த்தை. முன்விரோதத்துக்கு இது போதும். சகாயராணி குறுக்கு விசாரணையில் நோயைப் பற்றியே சுற்றிச் சுற்றி வந்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. முதல்தரமான சாட்சி.

வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தினார் முப்பிடாதி.

"அய்யா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எத்தனை வருசம் போடுவாவன்னு நான் கேக்கல. அவன் தெரிஞ்சு செஞ்சானா, தெரியாம செஞ்சானா?"

"அதைத்தாம்மா கோர்ட் சொல்லும்" என்றேன்.

"கோர்ட்டு சொல்லும்போது சொல்லட்டும். ஒங்களுக்கு முன்கூட்டியே தெரியுமாமே, இங்கன எல்லாரும் சொல்லுதாவ. பன்னெண்டு வயசுல தாயில்லாம வந்தவன் அய்யா. எங்கையால சோறு தின்னு வளந்தவன். தெரிஞ்சு செஞ்சிருந்தா அவன் மூஞ்சில முழிக்கப்படாது. தெரியாம செஞ்சிருந்தா, நான் அவனை விட்டுரப்படாது. ரெண்டுல எதுன்னு தெரியாம மூணு வருசமா எனக்கு ஒறக்கமில்ல."

அழவில்லை. மார்க்கெட்டில் விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன்: "தெரிஞ்சுதாம்மா செஞ்சிருக்கான். வெட்டிட்டு அரிவாளைக் கழுவியிருக்கான். தெரியாதவன் கழுவ மாட்டான்."

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். நன்றிகூடச் சொன்னார்.

மார்ச் 21, செவ்வாய்

டாக்டரும் இன்ஸ்பெக்டரும் முடிந்தார்கள். நோய் எப்போதிலிருந்து என்று டாக்டர் சொன்னார். ஆனால் சம்பவ நேரத்தில் எப்படி இருந்தான் என்று கேட்டால், "நான் அங்கே இல்லையே" என்றார். நல்ல டாக்டர். அடுத்த செவ்வாய்க்கிழமை என் துருப்புச் சீட்டு வருகிறது: லோடு ஆட்டோ ஓட்டுகிற மைதீன் பிச்சை. அரிவாளைக் கழுவியதைப் பார்த்தவர். போலீஸில் அவர் கொடுத்த வாக்குமூலம் மூன்று வரி. மூன்று வரி போதும்.

சகாயராணி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டே, "சார், ஜோசியம் என்ன சொல்லுது?" என்றார்.

"உனக்குப் பாவம் பார்க்கிறேன், அதனால சொல்லல" என்றேன்.

"யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்றார்.

"சறுக்கட்டும்மா. நான் யானைன்னு நீ ஒத்துக்கிட்டதே போதும்" என்றேன். பக்கத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 28, செவ்வாய்

மைதீன் பிச்சையை இன்று விசாரிக்கவில்லை. வேறு தேதி வாங்கினேன்.

சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், என்ன சொல்லப்போகிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது வழக்கம். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். ஆள் நல்ல உயரம், தலையில் தொப்பி, கையில் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அரிவாளைக் கழுவினதைப் பாத்தேன் சார், அது சத்தியம். ஆனா போலீஸ்ல நான் முழுசும் சொல்லல. சொல்ல வெக்கமா இருந்துச்சி."

"என்ன சொல்லல?"

"எளநி குடிச்சேன் சார்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "வண்டியை ஓரங்கட்டி எறங்கினேன். அவன் டின்ல அரிவாளை முக்கிக் கழுவிக்கிட்டிருந்தான். ரத்தம் கித்தம் ஒண்ணும் நான் பாக்கல. 'தம்பி, ஒரு எளநி வெட்டு'ன்னேன். 'தண்ணியா, வழுக்கையா'ன்னு கேட்டான். வழுக்கைன்னேன். ரெண்டு காயைத் தட்டிப் பாத்து ஒண்ணை எடுத்து, நல்லா சீவிக் குடுத்தான். நின்னு குடிச்சேன் சார். பாதி குடிக்கும்போதுதான் வண்டிக்கு அந்தப் பக்கம் ரெண்டு காலு தெரிஞ்சிச்சி. நான் கத்துனேன். அதுக்கு அவன் என்ன சொன்னாந் தெரியுமா? 'சத்தம் போடாதிய பாய். இவன் யாரோ. எங்க அண்ணன் சாப்பிடப் போயிருக்கான், இப்ப வந்துருவான், வந்து பாத்துக்கிடுவான்'னான்."

சாவியை மறுபடி உருட்டிக்கொண்டே சொன்னார்:

"பொணத்துக்குப் பக்கத்துல நின்னு எளநி குடிச்சவன்னு பேரு வாங்கவா சார்? அதான் போலீஸ்ல சொல்லல. அன்னைல இருந்து நான் எளநியே தொடுறதில்ல. கூண்டுல ஏறுனா அல்லா மேல ஆணையா எல்லாத்தையும் சொல்லிருவேன். அதான் மொதல்லயே ஒங்ககிட்ட சொல்லுதேன்."

சாட்சி மன உளைச்சலில் இருக்கிறார் என்று சொல்லித் தேதி வாங்கினேன். எந்த சாட்சியை விசாரிப்பது, எதை விடுவது என்பது அரசுத் தரப்பின் உரிமை. கழுவியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேறு ஆள் இல்லையே தவிர, அரிவாளில் ரத்தமில்லை, டின் தண்ணீரில் ரத்தம் இருந்தது என்ற பரிசோதனை அறிக்கை இருக்கிறது. அது போதும். மைதீன் பிச்சை இல்லாமலேயே ஆயுள்தான். கணிப்பில் மாற்றமில்லை.

  இன்று வெயில் அதிகம்.

மார்ச் 29, புதன்

தலைவலி. வெயில்தான். செண்பகம் சுக்கு அரைத்துப் போட்டாள்.

மார்ச் 31, வெள்ளி

வற்றல் காய்ந்துவிட்டது. டப்பாவில் அடைத்தோம்.

கோர்ட்டில் சகாயராணி என் மேஜைக்கு வந்தார். வழக்கமான கிண்டல் இல்லை. "சார், முப்பிடாதிகிட்ட என்ன சொன்னீங்க?" என்றார்.

"ஏன்?"

"அந்தம்மா மாசாமாசம் ஜெயிலுக்குப் போய்க் கொழுந்தனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கும் போயிருக்காங்க. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்களாம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர், நேரம் முடியிற வரைக்கும் சும்மா நிப்பாங்களாம். இந்த மாசம் போகல. கேட்டா, 'பி.பி. அய்யா சொல்லிட்டாவ, தெரிஞ்சுதான் செஞ்சானாம்'னு சொல்றாங்க. அன்னையிலேருந்து மாகாளி மாத்திரையைத் துப்புறான் சார்."

"கட்சிக்காரன் மாத்திரை சாப்பிடலைன்னா அது வக்கீல் பாடு. என்கிட்ட ஏன் சொல்ற?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மைதீன் பிச்சை விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் அந்தம்மாவிடம் சொன்னது அன்று எனக்குத் தெரிந்ததை வைத்து. பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது பொய்யில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனேன். செண்பகம் காய் நறுக்கி முடித்து அரிவாள்மணையைக் குழாயில் காட்டிக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்துச் சுவரோரம் சாத்தினாள். தேங்காய் துருவ வேண்டியது ஞாபகம் வந்து மறுபடி எடுத்தாள்.

"என்ன இப்படிப் பாக்கிய?" என்றாள்.

"ஏன் கழுவுற?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி? வேலை முடிஞ்சா கழுவ வேண்டாமா? கறை ஏறிராதா?"

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

பங்குனி உத்திரம். வருஷத்தில் இந்த ஒரு நாள் எந்தக் கோர்ட்டானாலும் என் குலசாமி சாஸ்தாவுக்கு அடுத்ததுதான். ஆற்றங்கரையில் பொங்கல் வைத்தோம். தேரிக்காட்டில் இருந்தும் மெட்ராஸில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, அந்த எளநிக் கேஸ் என்னாகும்?" நானும் வாயைத் திறந்தேன். ஆயுள் என்று வரவில்லை. "இன்னும் சாட்சி பாக்கி இருக்கு" என்றேன். கொழுந்தியா மகன் வாயைப் பிளந்துவிட்டான்.

திரும்பி வரும்போது செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைதீன் பிச்சை குடித்த இளநீர் வரை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்தப் புள்ள பாவம்" என்றாள்.

"மாகாளியா?"

"முப்பிடாதி" என்றாள்.

ஏப்ரல் 6, வியாழன்

நன்றாக யோசித்துவிட்டேன். என் விதி என்ன? அடுத்த நிமிஷத்தைப் பார் என்பது. கழுவியது அடுத்த நிமிஷம்தான், சரி. ஆனால் அதற்கும் அடுத்த நிமிஷம் அவன் வழுக்கை தேடிக் காயைத் தட்டிப் பார்த்திருக்கிறான். விதி தப்பவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டவன் நான்தான். ஒவ்வொரு காய்க்கும் கழுவுகிறவன் அன்றைக்கும் கழுவியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஆகவே மைதீன் பிச்சை கூண்டில் ஏறினால் தீர்ப்பு வேறு. ஏறாவிட்டால் என் கணிப்பு பலிக்கும், ஆனால் அது கணிப்பு ஆகாது, ஆளைக் கட்டிப்போட்டு ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கிற கதை. என் ஜோசியத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

முப்பிடாதிக்கு ஆள் விட்டிருக்கிறேன், திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லி. புகார்தாரர் என்ற முறையில் வந்து உட்காரலாம், தப்பில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

மைதீன் பிச்சையை நானே விசாரித்தேன். சகாயராணிக்குக் கேள்வி எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

"அரிவாளைக் கழுவினதுக்கு அப்புறம் எதிரி என்ன செஞ்சார்?" என்று நான் கேட்டவுடன் சகாயராணி எழுதுவதை நிறுத்திவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னையே முறைத்தார். முறைக்கட்டும். அரசு வழக்கறிஞர் கோர்ட்டுக்குத்தான் அதிகாரி, ஸ்டேஷனுக்கு இல்லை.

மைதீன் பிச்சை எல்லாவற்றையும் சொன்னார். இளநீர் குடித்ததையும் விடவில்லை. "எங்க அண்ணன் இப்ப வந்துருவான், வந்து பாத்துக்கிடுவான்" என்று மாகாளி சொன்னதைச் சொன்னதும் ஜட்ஜம்மா, "அதே வார்த்தையா?" என்று கேட்டார். "அதே வார்த்தைதாம்மா. ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னான். போலீஸ் வாரவரைக்கும் அண்ணன் வருவான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னான்" என்றார்.

"நீ எங்க அண்ணனே இல்ல" என்று முந்தின நாள் கத்தியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. அண்ணன் வேஷத்தில் யாரோ வந்திருப்பதாக நிஜமாகவே நம்பியிருக்கிறான்.

கூண்டில் நின்ற மாகாளி அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த நாளே ஞாபகமில்லையாம். மற்றவர்கள் சொல்லித்தான் தெரியுமாம். இன்று முழுவதையும் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

பின் பெஞ்சில் முப்பிடாதி எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி டவாலிச் சேவகன் கை காட்டியும் உட்காரவில்லை. கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாட்சி முடிகிற வரைக்கும் நின்றார்.

வெளியே வந்ததும் நேரே அவரிடம் போனேன். "அன்னைக்கு நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்மா. அவனுக்குத் தெரியல" என்றேன்.

"கேட்டேன் அய்யா" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று வருஷ அழுகை. நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்ய.

ஏப்ரல் 12, புதன்

எதிரியிடம் நேரடிக் கேள்வி. சாட்சிகள் சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று ஜட்ஜம்மா கேட்டார். மாகாளி, "எனக்கு ஞாபகமில்ல அம்மா. ஆனா எங்கண்ணன் இப்ப உயிரோட இல்ல. அதுக்கு எனக்குத் தண்டனை வேணும்" என்றான். ஜட்ஜம்மா அப்படியே எழுதிக்கொண்டார். 

சாயங்காலம் சகாயராணி ஒரு செய்தி சொன்னார். நேற்று முப்பிடாதி ஜெயிலுக்குப் போயிருந்தாராம். இந்தத் தடவை பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "மாத்திரையை ஒழுங்காத் தின்னு" என்று சொன்னாராம்.

ஏப்ரல் 26, புதன்

நாளை தீர்ப்பு. வக்கீல்கள் அறையில் எல்லோரும் கேட்டார்கள். சொல்லிவிட்டேன்: கொலை நிரூபணம், ஆனால் மனநிலை காரணமாக விடுதலை, வீட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. "முதல்ல ஆயுள்னு சொன்னியளே அண்ணாச்சி, கட்சி மாறிட்டியளா?" என்று ஒருவர் கேட்டார். சாட்சி மாறினால் ஜோசியம் மாறும் என்றேன். ஜாதகமே மாறினால் ஜோசியன் என்ன செய்வான்?

ஏப்ரல் 27, வியாழன்

நான் சொன்னதேதான், ஒரு வார்த்தை பிசகவில்லை. தோற்ற கேஸில் இவ்வளவு மிடுக்காக நான் வெளியே வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் வணக்கம் வைக்கவில்லை. சகாயராணி கை கொடுத்தார்.

மாகாளியை வேனில் ஏற்றும்போது முப்பிடாதி என்னிடம் வந்தார். வருகிற வேகத்தைப் பார்த்து ஏதோ திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அய்யா, ஆஸ்பத்திரில இருந்து அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னா, யாரு கையெழுத்துப் போடணும்?"

"டாக்டருங்க கமிட்டி பார்த்து சரின்னு சொல்லணும்மா. அப்புறம், பத்திரமாப் பார்த்துக்கிடுதேன்னு சொந்தக்காரங்க யாராவது எழுதிக் கொடுக்கணும்."

"நான் சொந்தந்தான அய்யா?"

என் சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கொல்லப்பட்டவன் பெண்டாட்டி, கொன்றவனுக்கு ஜாமீன் நிற்கலாமா என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் கூடாது என்றும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"உங்களை விட்டா அவனுக்கு வேற யாரும்மா சொந்தம்?" என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது அந்தப் பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தச் சொன்னாள் செண்பகம். இளநீர் குடிக்க வேண்டுமாம். அவளுக்கு இளநீரே பிடிக்காது.

வேப்பமரத்தடியில் வண்டி. முப்பிடாதிதான் நின்றார். "பி.பி. அய்யாவா? வாங்க, வாங்க. அக்கா, நீங்களும் எறங்குங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அரிவாள் புதுசு. பழையது கோர்ட்டோடு போயிற்று. செண்பகத்துக்கு ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டு, குனிந்து வண்டிக்கடியில் இருந்த டின்னில் அரிவாளை முக்கி, இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்தார். பிறகு எனக்குக் காய் எடுத்தார்.

செண்பகம் இளநீரை வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"தண்ணியா, வழுக்கையா அய்யா?"

"வழுக்கை" என்றேன்.

சீவிக்கொண்டே சொன்னார்: "மனுக் குடுத்துட்டேன். சகாயராணி அம்மாதான் எழுதுனாவ. அடுத்த மாசம் டாக்டருங்க கமிட்டி. வந்தா வீட்டுல சும்மா இருக்க விட மாட்டேன். ஆனா அரிவாளை அவன் கையில குடுக்க மாட்டேன் அய்யா. அது நான் இருக்கவரைக்கும் என் கையிலதான். அவன் காய் எறக்கட்டும், அடுக்கட்டும், மட்டையை அள்ளட்டும். நேரத்துக்கு மாத்திரை. தெனம் என் கண்ணு முன்னால."

இளநீரை நீட்டினார். வாங்கினேன். கையை எடுக்காமல் கேட்டார்: "விடுவாவளா அய்யா? நீங்கதான் முன்கூட்டியே சொல்லுவியளே."

கமிட்டியில் யார் இருக்கிறார்கள், மாகாளி இப்போது எப்படி இருக்கிறான், டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், ஒன்றும் எனக்குத் தெரியாது. "விடுவாங்கம்மா" என்றேன்.

காரில் ஏறியதும் செண்பகம், "எதை வச்சு அப்படிச் சொன்னிய?" என்று கேட்டாள்.

எதை வைத்தும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் சொன்னதெல்லாம் தெரிந்து சொன்னது. இது ஒன்றுதான் ஆசைப்பட்டுச் சொன்னது. அதற்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை. தேதி போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்: விடுவார்கள்.